மண்மேட்டுக்குள் போன குண்டு

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அஜ்மானிலிருந்து ஷார்ஜா வழியாக துபாய்க்கு ஆள் ஏற்றிப் போகும் கார் லிஃப்ட் வேனில், முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு ஒட்டுக் கேட்டேன். இரண்டாயிரத்து ஏழின் குளிர்காலம். மகள் விஜி வீட்டில் தங்கி, மூட்டு வலிக்காக ஷார்ஜாவில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். பின் சீட்டில் பேசிய இரண்டு பெண்களின் முகத்தையும் நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் பேச்சு நின்றுவிடும்.

காதில் விழுந்த முதல் வாக்கியம்:

"கையில வெடிச்சிருச்சுக்கா. நான் சுடல. அதுவா வெடிச்சிருச்சு."

கேஸ் சிலிண்டராக இருக்கும், குக்கராக இருக்கும் என்று என் புத்தி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் அடுத்த குரல்:

"பிஸ்டல் அதுவா எப்படி புள்ள வெடிக்கும்? அதென்ன பருப்பு வச்ச குக்கரா?"

அன்றைக்கு ரோட்டில் நல்ல நெரிசல். வண்டிகள் நகராததற்காக சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

2

(இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "பாலைவனத்தின் விளிம்பில், பொழுது சாயும் வேளையில், ஒரு துப்பாக்கி வெடித்தது." விஜி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டு, "அம்மா, சுடுற போட்டி காலையில நடந்துச்சுன்னுதானே அந்தப் பொண்ணு வேன்ல சொன்னதா சொன்னீங்க?" என்றாள். "பொழுது சாஞ்சா நல்லாயிருக்கும்டி." "உங்களுக்கு நல்லாயிருக்கும். குறிபாக்குறவளுக்கு வெளிச்சம் வேண்டாமா?" அடித்துவிட்டேன்.)

(இரண்டாவது தொடக்கம்: "பானுமதி மாநிறம். பெரிய கண்களில் எப்போதும் ஒரு —" நான்தான் அவளைப் பார்க்கவே இல்லையே. இந்த வாக்கியத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.)

எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். அதற்குக் காரணம் இலக்கியம் இல்லை. என் கணவர் தோஹாவில் இருந்த காலத்தில் கேசட்டில் பேசி அனுப்புவார். ஊருக்கு வரும் யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு, மறு பக்கத்தில் பதில் பேசி அனுப்புவேன். அவர் கேட்ட கேள்விக்கு என் பதில் போய்ச் சேரும்போது, அவருக்குக் கேள்வி மறந்திருக்கும். எங்கள் குடும்ப வாழ்க்கையில் பெரும்பாதி அப்படித்தான் நடந்தது. அதனால் ஒரு குரல் கேள்வி கேட்டுவிட்டு இன்னொரு குரல் இன்னும் பேசாமல் இருந்தால், என்னால் வேறு வேலை பார்க்க முடிவதில்லை.*

* இந்தப் பத்தி கதைக்குத் தேவையில்லை என்று விஜி சொல்கிறாள். தேவையா இல்லையா என்பது முடிவில் தெரியும் என்றேன். முடிவு இருக்கிறதா என்று கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

3

விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு குரல்களை அவற்றின் போக்கில் விட்டுவிடலாம்.

வெடித்தது என்று சொன்னவள் பானுமதி, முதுகுளத்தூர்ப் பக்கம். துபாய்க்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ரிசப்ஷனில் வேலை. (கிளப்பின் பெயரை வேனில் சொன்னார்கள், எழுத மாட்டேன்.) காசு கட்டிச் சுடுகிறவர்கள் வராத நேரத்தில் அங்கே வேலை பார்ப்பவர்களும் கிளப் துப்பாக்கியை எடுத்துச் சுட்டுப் பழகலாம். விளையாட்டாகத் தொடங்கினாள். கை படிந்துவிட்டது.

குக்கரைப் பற்றிக் கேட்டவள் ஹாலிதா, கீழக்கரை. அஜ்மானில் பானுமதியோடு ஒரே அறையில் இருப்பவள். துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை.

பானுமதியின் கணவன் அருள்முருகன் குவைத்தில், ஃபர்வானியாவில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணமானதும் ஊரில் ஒரு லீவு சேர்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்புறம் அவளுக்கு லீவு கிடைத்தால் அவனுக்குக் கிடைக்காது, அவனுக்குக் கிடைத்தால் அவளை விடமாட்டார்கள். குவைத்துக்கு மனைவியைக் கூப்பிட ஒரு சம்பள வரம்பு இருக்கிறது. அவன் சம்பளம் அதை எட்டவில்லை. அவன் இங்கே வரலாம் என்றால் அவனுடைய பாஸ்போர்ட் கம்பெனியிடம். இரண்டு நாட்டுக்கும் நடுவில் விமானத்தில் ஒரு சின்னத் தூக்கம் போடும் தூரம்தான்.

அந்தச் சமயத்தில் குவைத்தில் ஒரு கிளப், இவர்களுடைய கிளப்பின் ஊழியர்களை நட்புப் போட்டிக்கு அழைத்தது. அணியில் ஒரு பெண் இருக்க வேண்டும். விசாவை அழைத்தவர்களே எடுப்பார்கள். அணிக்கு ஆள் எடுக்க இங்கே ஒரு தேர்வுப் போட்டி. அதில் பாதுகாப்பு விதியை மீறி வெளியேற்றப்பட்டவருக்கு, எவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தாலும், அணியில் இடமில்லை.

இதுதான் அவளுக்கு இருந்த ஒரே கதவு.

4

"ராக்கம்மாக்கான்னு ஒருத்தவங்க ஃபர்வானியாவுல இருக்காங்களாம்க்கா. அவங்க வீட்டு ரூமை ஒரு மத்தியானத்துக்குக் கேட்டு வச்சிருக்காரு."

"ஓஹோ. ரூம் வரைக்கும் போயாச்சா? போட்டியில குறி எங்கன்னு இப்பல்ல தெரியுது."

"சும்மா இருங்கக்கா. முன்னாடி பெரியம்மா இருக்காங்க."

"அவங்க தூங்குறாங்க."

(தூங்கவில்லை.)

"அவங்க புள்ளைகளோட வெளிய போயிருவாங்களாம். சாப்பாடு செஞ்சு வச்சிட்டே போறோம்னாங்களாம். நான்தான் வேண்டாம்னுட்டேன். நான் போயி சமைக்கிறேன்னேன்."

"கிடைக்கிறது ஒரு மத்தியானம். அதுல போயி அடுப்படியில நிக்கப் போறியா, கிறுக்குப் புள்ள?"

"அவரு என் கைச்சோறு தின்னதே இல்லக்கா. ஊருல இருந்தப்ப அத்தை அடுப்புப் பக்கம் விடல."

 வேன் கொஞ்சம் நகர்ந்து, மறுபடியும் நின்றது.

5

இனி தப்பு எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம். மருமகனை விசாரித்து, அவர் யாரையோ விசாரித்து, எழுதுகிறேன்.

கிளப்பின் துப்பாக்கி கிளப் வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டில் வெறுங்கையோடு பழகினால் கை நம்பாது. ஹாலிதா தன் கடையில் ஒதுக்கிப் போட்டிருந்த, விலைச்சீட்டு ஒட்டும் மெஷினைக் கேட்டு வாங்கிவந்து கொடுத்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிடி இருக்கும், விசை இருக்கும், அமுக்கினால் டக்கென்று ஒரு சீட்டைத் துப்பும். அவள் அறையெங்கும் விலை ஒட்டிவைத்ததை ஹாலிதா வேனில் சொல்லிப் புலம்பினாள்.

"பீரோவுல ஒன்பது தொண்ணூத்தஞ்சு. கண்ணாடியில ஒன்பது தொண்ணூத்தஞ்சு. அன்னைக்குக் கடைக்குப் போயி நிக்கிறேன், ஒரு பாகிஸ்தான் பாய் சிரிக்கிறாரு. என்னன்னு பாத்தா என் முதுகுல ஒன்பது தொண்ணூத்தஞ்சு!"

"ஆஃபர்லக்கா. இல்லன்னா உங்களுக்கு அவ்வளவு கம்மியா போடுவேனா?"

"நீ குவைத்து போறதுக்குள்ள என் முதலாளி என்னைய கீழக்கரைக்கு அனுப்பிருவாரு, பாத்துக்க."

அறைக்குள் சிரித்துக்கொண்டே பழகினாள். இடுப்பிலிருந்து எடுப்பாள், குறி பார்ப்பாள், அமுக்குவாள். முடிந்ததும், முடிக்கும் சடங்கையும் செய்வாள். அந்தச் சடங்கு நிஜத் துப்பாக்கியில் இப்படி: பிடிக்குள் இருக்கும் மேகசினை, அதாவது குண்டுகள் அடுக்கிய பெட்டியை, முதலில் உருவிவிட வேண்டும். பிறகு மேலே இருக்கும் ஸ்லைடைப் பின்னால் இழுத்து, உள்ளே தங்கிய கடைசிக் குண்டை வெளியே தள்ள வேண்டும். நடுவர் எட்டிப் பார்ப்பார். காலி என்று அவர் சொன்ன பிறகு, எதிரே இருக்கும் மண்மேட்டைப் பார்த்து வெறும் விசையை ஒரு தடவை அமுக்கி உறையில் போட வேண்டும்.

விலைச்சீட்டு மெஷினில் உருவ மேகசின் இல்லை. எட்டிப் பார்க்க நடுவரும் இல்லை. அதனால் அறையில் அவள் பழகியது: இழு, அமுக்கு, உறையில் போடு. வாரக்கணக்காக அதே. மூளைக்குத் தெரியாமல் கை ஒரு பாடத்தை முழுசாகப் படித்துவிட்டது.

மேகசினை உருவாமல் ஸ்லைடை இழுத்தால் உள்ளே இருக்கும் குண்டு வெளியே விழும். அடுத்த குண்டு அதன் இடத்தில் ஏறி உட்காரும்.

6

தேர்வுப் போட்டி. வெள்ளிக்கிழமை காலை. கூரையில்லாமல், மூன்று பக்கமும் மண்மேடு எழுப்பிய கூடம் ஒன்று, நடுவில் சுடுவதற்கான குறி அட்டைகள். பானுமதியின் தோளுக்குப் பின்னால் டைமரைப் பிடித்துக்கொண்டு நடுவர் நிற்கிறார். கல்யாணசுந்தரம், சிவகங்கைக்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவளுக்கு அண்ணன் முறை வைத்துப் பேசுகிற ஆள். மற்றவர்கள் தள்ளி, காதுக்கவசம் மாட்டிக்கொண்டு, அடுத்த முறைக்குக் குண்டு நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கூடத்திலும் சுடுகிறார்கள், சத்தத்துக்குள் சத்தம்.

அவள் நன்றாகச் சுட்டாள். அவளே சொன்னாள்: "அன்னைக்கு மாதிரி நான் சுட்டதே இல்லக்கா. கடைசி அட்டையில விழுந்ததுமே தெரிஞ்சுபோச்சு, நான்தான்னு. ராக்கம்மாக்கா வீட்டுல மீன் கிடைக்குமா, கறி எடுக்கலாமான்னு ஓடிருச்சு மனசு."

கல்யாணசுந்தரம் வழக்கமான கட்டளையைச் சொன்னார். "இஃப் யூ ஆர் ஃபினிஷ்டு, அன்லோட் அண்ட் ஷோ கிளியர்." சுட்டு முடித்துவிட்டாயானால் குண்டை எடுத்துவிட்டுக் காலி என்று காட்டு.

[அவர் கட்டளை சொன்ன அந்த வரியை அடைப்புக்குறிக்குள் போட நினைத்தேன். ஏன் என்று கீழே தெரியும்.]

மனசு மீன் வாங்கப் போயிருக்க, கை அறையில் படித்த பாடத்தை ஒப்பித்தது. இழுத்தது. அமுக்கியது.

"அப்படியே நில்லு. விரலை வெளிய எடு. திரும்பாத."

"அண்ணே..."

"மொதல்ல மேகசினை உருவு. ம். இப்ப இழு. காட்டு. சரி. உறையில போடு."

"மண்ணுலதான்ணே போச்சு."

"எங்க போச்சுன்னு நான் கேட்டனா? எங்க போச்சுன்னு ரூல் கேக்காது பானு. ஏன் போச்சுன்னுதான் கேக்கும்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையேண்ணே."

"ஆயிருந்தா இப்படி நின்னு பேசிக்கிட்டிருப்பமா?"

அவள் அழவில்லை என்று ஹாலிதாவிடம் சொன்னாள். கால்தான் நடுங்கியதாம். கல்யாணசுந்தரம் டைமரைப் பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை. அவர்களுக்கு அது இன்னொரு குண்டு, அவ்வளவுதான். பக்கத்துக் கூடத்தின் குண்டாகக்கூட இருக்கலாம்.

இங்கே ஒரு சின்ன விஷயம். கட்டளை வருவதற்கு முன்னால் அந்தக் குண்டு வெடித்திருந்தால் அது குற்றமே இல்லை. ஆட்டம் முடியவில்லை, குண்டு சிக்கிக்கொண்டது, இழுத்துச் சரிசெய்து இன்னொன்று சுட்டாள், அட்டையில் படவில்லை. நாள் முழுக்க நடப்பதுதான். கட்டளைக்குப் பின்னால் வெடித்தால் வெளியேற்றம். டைமர் வெடிச்சத்தத்தைத்தான் பதியும். மனுஷன் பேசியதைப் பதியாது.

கல்யாணசுந்தரம் டைமரை இடுப்பில் மாட்டினாராம். அப்புறம் கேட்டாராம்:

"நான் சொல்லிட்டனா, பானு? அன்லோடுன்னு சொல்லிட்டனா, இல்லையா?"

வேனில் ஹாலிதா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. "நீ என்ன புள்ள சொன்னே?"

"அம்மா, உங்க இடம் வந்துருச்சு," என்றார் டிரைவர் மூசா. "பாத்து இறங்குங்க. பின்னாடி ஹார்ன் அடிக்கிறான். யல்லா, யல்லா."

7

மறு வாரம் போனேன். பின் சீட்டில் இரண்டு பங்களாதேஷ் பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூசாவிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணுங்களா? டூட்டி மாறிருச்சும்மா. இப்ப வேற வண்டி."

"ரெண்டு பேரும்தானா?"

"ரெண்டு பேரும்தான்னு நெனைக்கிறேன். ஏன்மா, தெரிஞ்சவங்களா?"

என்ன சொல்ல? தெரிந்தவர்கள்தான்.

ஒருத்தி மட்டும் வராமல் இருந்திருந்தால்கூட, குவைத்துக்குப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

8

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. "நீங்க இன்னும் சொல்லலண்ணே." அவர் தலையாட்டிவிட்டு மதிப்பெண் எழுதுகிறார். விசா வருகிறது. ஃபர்வானியா. ராக்கம்மா வீட்டு அறை. மீன் குழம்பு.

"மெலிஞ்சிட்டே."

"நீங்கதான் கறுத்துப்போயிட்டீங்க."

"மொட்டை வெயில்ல ஏ.சி. மாட்டுறவன் வெள்ளைக்காரன் மாதிரியா இருப்பான்? குழம்பு நல்லாருக்கு. அத்தனை பேருல நீ எப்படி ஜெயிச்சே? மொதல்லேருந்து சொல்லு."

"சாப்பிடுங்க. ஆறுது."

"சொல்லு புள்ள. ரூம்ல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், என் பொண்டாட்டி துப்பாக்கி சுடுறவன்னு."

அதற்கு மேல் அவள் பேச மாட்டேன் என்கிறாள். எத்தனை தடவை எழுதினாலும் இந்த இடத்தில் குழம்பைத்தான் ஊற்றுகிறாள். மறுநாள் அதே கை, அதே பாடத்தோடு, குவைத் மண்ணில் துப்பாக்கியை எடுக்க வேண்டும். பின்னால் ஆட்கள் நிற்பார்கள். மேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

இரண்டாம் முடிவு. "சொல்லிட்டீங்கண்ணே." துப்பாக்கிப் போட்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டாம். வெளியேற்றப்பட்டவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, கூட வந்தவர்கள் சுடச் சுட அட்டைகளில் விழும் ஓட்டைகளுக்குக் காகிதச் சீட்டு ஒட்டிக்கொண்டு கடைசி வரை நிற்க வேண்டும். அவள் நிற்கிறாள். தனக்குப் பதிலாகப் போகப்போகிற பிலிப்பினோப் பெண்ணின் குண்டுகள் நடுவில் விழுகின்றன. ஒவ்வொரு ஓட்டையாக இவள் மூடுகிறாள். "குட் ஷூட்டிங்" என்கிறாள், உண்மையாகவே சொல்கிறாள். பிறகு போன்.

"என்ன ஆச்சு? எடுத்துட்டாங்களா? இங்க ராக்கம்மாக்கா திரைச்சீலையெல்லாம் தோச்சுப் போட்டுட்டாங்க. நான் புதுசா ரெண்டு தலகாணி வாங்கி —"

"என்னங்க."

"ம்."

"கைதவறி வெடிச்சிருச்சு. வெளிய அனுப்பிட்டாங்க."

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல."

"கை? காலு?"

"ஒண்ணும் ஆகலங்க."

"அப்ப சரி. அப்ப சரி பானு." பின்னால் ஏ.சி. ஓடும் இரைச்சல். "தலகாணி என்ன, கெட்டா போயிரப் போவுது."

இதை ஒரே மூச்சில் எழுதினேன். விஜி படித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அதனாலேயே எனக்கு இதன் மேல் சந்தேகம். அந்தத் தலையணை வரியை அருள்முருகன் சொல்லவில்லை. ஒருவன் சொல்ல மாட்டானா என்று காத்திருந்த யாரோ சொன்னது. அவன் போனை வைத்துவிட்டு, கோபத்தில், பேசாமல்கூட இருந்திருக்கலாம்.

மூன்றாவது, முடிவு இல்லை, ஒரு பயம். கல்யாணசுந்தரத்தின் குரலை நான் கேட்டதே இல்லை. பானுமதி தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு அவர் மாதிரிப் பேசிக் காட்டியதைத்தான் கேட்டேன். நிஜமான கல்யாணசுந்தரம், ராணுவத்துக்காரர், "ஸ்டாப்" என்று கத்திவிட்டு, அந்த இடத்திலேயே வெளியேற்றியிருப்பார். கேள்வி எதுவும் கேட்டிருக்க மாட்டார். அந்தக் கேள்வியை அவள் பிறகு உண்டாக்கியிருக்கலாம். நெரிசலில் நிற்கும் வேனில், கதவு ஒரு விரல் அளவாவது திறந்திருந்தது என்று சொல்லிக்கொள்வதற்காக. அப்படியானால் ஹாலிதாவுக்கு அவள் என்ன பதில் சொல்லியிருப்பாள்? அல்லது நான் இறங்கிய பிறகு அவள் பதிலே சொல்லாமல் ஜன்னல் பக்கம்

9

பாதியில் நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்ப எனக்கு உரிமை இல்லை. நான் பார்க்கவில்லை.

எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் கேட்டதாக அவள் சொன்னதும், அவள் பதில் என் காதில் விழாததும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ராக்கம்மாவின் திரைச்சீலை இன்னும் கொடியில் காய்கிறது. அருள்முருகன் தன் அறையில் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருக்கிறான். மீனா கறியா என்பது இன்னும் முடிவாகவில்லை. அவள் பேசாமல் இருக்கும்வரை எதுவும் கைவிட்டுப் போகவில்லை. அந்த இடத்திலேயே அவளை நிற்க வைத்துக் கதையை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். விஜி திட்டினாள்.

"பாவம்மா. கால் நடுங்குதுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. எவ்வளவு நேரம் நிப்பா?"

"அப்ப நீயே பதில் சொல்லு."

"நானா?"

"ஏன், வாயிருக்குல்ல?"

அவள் சொன்னாள். சமையலறையிலிருந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஒரே வார்த்தை. அதை இங்கே எழுத மாட்டேன். அது விஜியின் பதில். அவள் கணவர் மாலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்.

இதை நீங்கள் எங்கே இருந்து படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் பார்க்க வேண்டியவர் எந்த ஊரில் இருக்கிறார், உங்களுக்கு எந்தக் கதவு மட்டும் திறந்திருக்கிறது என்பதும் தெரியாது. மனசுக்குள் சொல்லிக்கொண்டால் எனக்குக் கேட்காது. வாயைத் திறந்து சொல்லுங்கள், அவர் அன்லோடுன்னு சொல்லிவிட்டாரா, இல்லையா. அடுத்துச் சுடப்போகிறவள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு கூடத்துக்கு நடந்து வருகிறாள். அவள் வந்து சேர்வதற்குள் சொல்லிவிட வேண்டும். மெதுவாகச் சொன்னாலும் போதும். கல்யாணசுந்தரம் காதுக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.